இரண்டரை நாழிகைச் செலவு

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மைச் சிறிது நேரம் எண்ணத்தில் ஆழ்த்தியது. எழுதியவர் பாறசாலைப் பக்கத்தவர். வளைகுடா நாடொன்றில் மனைவி மக்களுடன் வாழ்பவர். பதினெட்டு நாள் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். பிள்ளைகள் இருவரும் கப்பலில் போகவேண்டும் என்று அடம் பிடிக்கின்றனராம். சென்னையிலிருந்து இரண்டு இரவு கடலில் கழித்துத் திரும்பும் கப்பற் பயணம் உண்டென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு அருகிலேயே பொழியூரிலும் பூவாற்றிலும் ஒரு மணி நேரப் படகுப் பயணமும் இருக்கிறது. “இவற்றுள் எது தகும்? அல்லது இரண்டுமே வீண்தானா? என் அம்மைக்கோ இரண்டிலும் விருப்பமில்லை. தண்ணீரைப் பார்க்கக் காசு கொடுப்பாருண்டோ என்று தொலைபேசியில் சிரிக்கிறாள்” என்று முடித்திருக்கிறார்.

இத்தகைய ஐயம் இவர் ஒருவருக்கே உரியதன்று. ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டாண்டுக்கு ஒருமுறையோ ஊர் காணவரும் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் பணத்தினும் அரியது நாள். ஆகையால் இத்திங்களின் பகுதியை இவ்வொரு வினாவிற்கே ஒதுக்கினோம்.

செலவு என்னும் சொல்லைப் பணம் கரைவதற்கே நாம் இன்று வழங்குகிறோம். பழந்தமிழில் அது வழிப்போக்கைக் குறித்த சொல். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் வாயிலில் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்று அகப்பொருள் நூலோர் பெயரிட்டனர். அத்தயக்கம் போகாமல் நின்றுவிடுவதற்கன்று, தலைவியைத் தேற்றிவிட்டுப் போதற்கே என்று தொல்காப்பியர் தெளிவுபடுத்துகிறார். மடல் எழுதிய அன்பரின் தயக்கமும் ஏறக்குறைய இத்தகையதே. இங்கே தேற்றப்படவேண்டியவர் மனைவியல்லர், அன்னையார் என்பதே வேறுபாடு.

முதலிற் கப்பலைப் பார்ப்போம். 2022 ஜூன் 4 அன்று தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைக்க, ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கார்டீலியா நிறுவனத்தார் நடத்திய அப்பயணங்களுள் ஒன்று எந்த ஊருக்கும் செல்லாதது. சென்னையிற் புறப்பட்டு, நடுக்கடலில் உலவி, மூன்றாம் நாட் காலை சென்னைக்கே திரும்பும். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று துறைகள் குறிக்கப்பட்ட நீண்ட பயணமும் இருந்தது. ஆயினும் கப்பலிலுள்ள சூதாட்டக்கூடம் பற்றி எழுந்த எதிர்ப்பினால் புதுச்சேரியில் அவ்வாண்டு ஜூனில் அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூனில் இதே கப்பல் இலங்கைக்குச் சென்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைக் கண்டது. பயணத் திட்டங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவன. ஆதலின் சீட்டு வாங்குமுன் எந்தத் துறையில் ஏறி எங்கே இறங்குகிறோம் என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்வது நலம்.

இக்கப்பலின் பிறப்பே நம் வினாவோடு தொடர்புடையது. 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் பிரான்சு நாட்டுச் செயின்ட் நசேர் தளத்தில் கட்டி முடிக்கப்பட்ட இதனை, மூன்று நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே திட்டமிட்டுச் செய்தனர். மயாமியிலிருந்து பகாமாத் தீவுகளுக்குச் சென்று திரும்புவதே அதன் முதல் வேலை. நீண்ட விடுமுறை எடுக்க இயலாத, ஆனால் ஒருமுறையேனும் கப்பலேற வேண்டும் என்று ஏங்கிய நடுத்தர மக்கள் அமெரிக்காவிலும் இருந்தனர் என்பது இதனால் விளங்கும். குறும்பயணம் என்பது நம் நாட்டில் தோன்றிய மலிவுச் சரக்கன்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். முதல் நாள் நண்பகலில் துறைமுகம் சேரவேண்டும். பெட்டிகளைச் சோதித்து, சீட்டு பார்த்து, அறை காட்டி முடிப்பதற்குள் மாலையாகிவிடும். ஆபத்துக் காலத்தில் எங்கே கூடவேண்டும் என்று எல்லாரையும் அழைத்துக் காட்டும் பயிற்சியும் உண்டு. அது வேண்டாத சடங்கன்று. மாலை ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்து, மூன்றாம் நாட் காலை எட்டு மணிக்குக் கரை சேர்வதாகக் கொண்டால் கடலில் இருப்பது 38 மணி நேரம். உறக்கத்திற்குப் பதினாறு மணி போக, விழித்திருப்பது 22 மணி. இதற்காகப் பாறசாலையிலிருந்து செல்லும் குடும்பம் ஓரிரவு இரயிலில் சென்னைக்கும், ஓரிரவு திரும்பவும் பயணம் செய்யவேண்டும். ஆக, பதினெட்டு நாள் விடுமுறையில் நான்கு இரவுகளும் மூன்று முழுப் பகல்களும் போய்விடும். கட்டணமோ அறைக்கு இவ்வளவு என்றல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் விதிக்கப்படுகிறது. வரி வேறு, துறைமுகக் கட்டணம் வேறு. விளம்பரத்திற் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு தொகை. கையிலிருந்து போவது பிறிதொரு தொகை.

இவையெல்லாம் பணமும் நாளும். இவற்றினும் பெரியதொன்றை விளம்பரங்கள் சொல்வதில்லை. கடலின் ஆட்டத்திற்குப் புதியவர் உடல் பழகுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆவது இயல்பு. ஏழு நாட் பயணத்தில் முதலிரண்டு நாள் தலைசுற்றிப் படுத்தவர்க்கு இன்னும் ஐந்து நாள் எஞ்சியிருக்கும். இரண்டு இரவுப் பயணத்திலோ உடல் தேறும் வேளையிற் சென்னைக் கரை தெரிந்துவிடும்! பெரிய கப்பல்களில் ஆட்டம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வங்கக்கடலின் இயல்பை அறியாதார் யார்? குறும்பயணம் செல்ல விரும்புவோர் தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. கருவுற்று ஆறு திங்களை நெருங்கிய தாய்மார்களைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நம் வாசகர் குடும்பங்களிற் பலவற்றின் பாட்டன் பாட்டிமார் இதே சென்னைத் துறையில் ‘ரஜூலா’ ஏறியவர்கள். 1926-ல் கட்டப்பட்டு 1973 வரை நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல் அது. மேல்தளத்திற் பாய் விரித்து, கூட்டம் கூட்டமாகப் படுத்து, ஒரு வாரம் போலக் கடலிற் கிடந்து சென்றவர்க்குக் கப்பல் என்பது மறுகரையிலுள்ள கூலியைக் குறித்தது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் கப்பலுக்குப் பணம் கொடுப்பதை அவர்களிடம் சொன்னால் நம்மைப் பித்தர் என்றே கருதியிருப்பர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் வேடிக்கைக்காகக் கடலேறும் நிலை வந்தது மகிழத்தக்கதே.

அப்படியாயின் இரண்டு இரவுக் கப்பல் யாருக்குத் தகும்? சென்னையிலோ அதன் அருகிலோ தங்கும் இடமுள்ளவர்க்கும், நெடும்பயணத்திற்குப் பணம் கட்டுமுன் தம் உடல் கடலுக்கு ஒத்துவருமா என்று சோதிக்க விரும்புவோர்க்கும், பிள்ளைகளை வளர்த்து முடித்து ஒருமுறை கடல்மேல் உறங்கி எழவேண்டும் என்ற ஆசையை அடக்கி வைத்திருக்கும் முதிய தம்பதியர்க்கும் தகும். ஊர் பார்க்கக் கருதுவோர்க்குத் தகாது. அக்கப்பலிற் பார்ப்பதற்கு ஊரே இல்லை. பெற்றோரைக் காண்பதற்கென்று கடல் கடந்து வந்தவர் மூன்று பகல்களை எடுத்துக் கப்பலுக்குக் கொடுப்பது, நம் கருத்தில், ஒருபோதும் தகாது. இதை மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை.

இனிப் பொழியூர்.

ஆற்றுநீர் கடலிற் சேருமிடத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்வதும், மழைவெள்ளம் வந்தபோது அம்மேட்டை உடைத்துக்கொண்டு பாய்வதுமாகிய வாயிலைத் தென்கோடியிற் பொழி என்பர். மணக்குடிப் பொழி, பொழிக்கரை என்று குமரி மாவட்டத்திலும் இச்சொல் வழங்குகிறது. கேரளத்தின் தென்கோடிக் கடற்கரையூராகிய பொழியூரின் பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. அதற்கு அடுத்தாற்போல் தமிழகத்துக் கொல்லங்கோடும் நீரோடியும் தொடங்குகின்றன. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்திலும், நெய்யாற்றின்கரை கேரளத்திலுமாகப் பிரிந்தபோது கோடு இவ்விடத்தில்தான் விழுந்தது. கோட்டிற்கு அப்பாலும் இப்பாலும் கொண்டான் கொடுத்தான் உறவு இன்றுவரை அறவில்லை.

இங்கே கடல் சேர்வது நெய்யாறு. அகத்தியமலையிற் பிறந்து, ஏறக்குறைய 56 கிலோமீட்டரே ஓடி முடிந்துவிடும் சிற்றாறு. 1958 முதல் இதன் குறுக்கே அணையொன்று நிற்கிறது. அவ்வணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த நீர் 2004-ல் நின்றதும், தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றதும் நம் வாசகர் அறிந்தவையே. அது வேறொரு நாளுக்குரிய பேச்சு.

படகு புறப்படும் துறைகள் பூவாற்றுப் பக்கத்திலும் பொழியூர்ப் பக்கத்திலுமாகப் பல உள. ஆற்றின் கிளைகளூடே, தென்னைகள் இருமருங்கும் சாய்ந்திருக்க, படகு மெல்லச் செல்லும். சில இடங்களிற் கண்டற் செடிகள் இருபுறமிருந்தும் வளைந்து கூரை வேய்ந்தாற் போல் நெருங்கும். தலை குனிந்தே செல்லவேண்டும். கரையோரத் தாழையை அவ்வூர் மலையாள மக்கள் கைதை என்பர். கண்டல், கைதை இரண்டும் சங்கச் சான்றோர் நெய்தல் நிலத்திற்கு உரியவாகப் பாடிய சொற்கள். நம் நாட்டு நகரங்களில் மறைந்துபோன சொற்கள் ஓர் ஓடக்காரர் வாயிற் பிழையின்றி வருவதைக் கேட்கும் இன்பத்திற்காகவே அவரை ஒருமுறை பேச்சுக்கிழுக்கலாம். மீன்கொத்தியும் நீர்க்காகமும் எங்கும் உள. செம்பருந்து தலைக்குமேல் வட்டமிடும். வழியில் யானைப்பாறை என்னும் பெரும்பாறையும், பாறைமீது நிற்கும் மாதாவின் திருவுருவமும் காட்டுவார்கள். இறுதியில் ஆறு அகன்று, எதிரே பொன்னிற மணல் நீண்டு, அதற்கப்பால் அரபிக்கடலின் அலை வெள்ளையாக எழுவது தெரியும். இந்தப் பக்கம் நன்னீர் கண்ணாடி போல் அசைவற்றுக் கிடக்க, சில முழ மணலுக்கு அப்பாற் கடல் முழங்குகிறது.

ஒரு மணி நேரம் என்பது நம் பழங்கணக்கில் இரண்டரை நாழிகை. இரண்டு இரவுக் கப்பலைக் குறும்பயணம் என்று குறைகூறிய நாம் இரண்டரை நாழிகையைப் போதும் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பீர்கள். அப்பயணத்திற்கு ஒரு முடிவிடம் இருக்கிறது என்பதே விடை. ஆறு கடலைச் சேருமிடத்தைக் காண்பது கருத்து; படகு அங்கே கொண்டு சேர்க்கிறது; கண்டபின் திரும்புகிறோம். இதை ஆறு மணி நேரமாக நீட்டினாலும் காண்பதற்கு மேலும் ஓர் ஆறு முளைக்கப் போவதில்லை. குமரிமுனையில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார்க் கழகத்தின் படகும் இவ்வினத்தது. சில மணித்துளிப் பயணத்திற்கு ஒரு மணி இரண்டு மணி வரிசையில் நிற்பார் உண்டு. நின்றவர் யாரும் வருந்தியதில்லை. 1970-ல் திறந்த மண்டபத்தையும், 2000 சனவரி முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவரையும் காண அதுவே வழி. 2024 டிசம்பர் முதல் இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலமும் உண்டாகையால், நீர் வற்றிய நாளில் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது என்ற பழைய குறையும் தீர்ந்தது.

பொழியூரிற் படகேறுவோர் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் எங்கே என்று கேளுங்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கவேண்டும் என்று உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1860-ல் தொடங்கிய கால்வாய் அது. எண்ணியபடி முழுதும் முடியவில்லை. பூவாற்றிலிருந்து குமரிக் கடற்கரையோரமாக ஒரு பகுதி மட்டும் வெட்டப்பட்டு, வள்ளங்களிற் சரக்கு சென்ற காலமும் இருந்தது. பின்னர்த் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் பல இடங்களில் வடிகால் போல் ஆயிற்று. 2016-ஆம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டம் பூவாற்றிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள இதன் பகுதிக்குப் 13 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது. எண் கிடைத்த பின்னும் படகு ஓடவில்லை. அது ஓடுமாயின் இருமாநிலத்தையும் ஊடுருவும் அரைநாட் பயணமொன்று நமக்குக் கிடைக்கும்; அதற்கு எவ்வளவு கட்டணமும் கொடுக்கலாம்.

மகிழ்ச்சியைப் பற்றி இவ்வளவு எழுதிய பின் அச்சத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அமைதியான நீர் என்று நம்பியே மக்கள் மடிந்திருக்கிறார்கள். மலையாளப் பெருங்கவி குமாரன் ஆசான் 1924 சனவரி 16 அன்று பல்லனையாற்றில் ‘ரிடீமர்’ என்னும் படகு கவிழ்ந்து இறந்தார். அது இரவு, படகில் ஆள் மிகுதி. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபக்கமாக நகர்ந்ததும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர், அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஆற்றுமுகத்திலேயே உயிரிழந்தனர். மீன்பிடி வள்ளத்தை மாற்றிச் செய்த படகு. ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஆட்கள். பொழுது சாய்ந்தபின் புறப்பாடு. மூன்று நிகழ்ச்சிகளுக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருந்தும் காரணங்கள் பெரிதும் மாறவில்லை என்பதைக் காண்க.

ஆகையால் தாய்மார்களுக்குச் சொல்கிறோம்: மிதவைச் சட்டையைப் படகுக்காரர் கொடுக்கும்வரை காத்திராமல் கேட்டு வாங்குங்கள். கையில் வைத்துக்கொள்வதும் மடியிற் போட்டுக்கொள்வதும் பயன்படா, நாடாக்கள் கட்டப்பட்டிருக்கவேண்டும். குழந்தைக்குப் பெரியவர் சட்டையை மாட்டினால் அது தலைவழியே கழன்றுவிடும்; குழந்தை அளவில் இல்லையெனின் அப்படகை விட்டுவிடுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருப்பதைப் படித்து, ஏறியிருப்பவரை எண்ணுங்கள். எண்ணுவதைப் பார்த்து ஓடக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒருபக்கம் எழாதீர்கள். பொழிமுகத்து மணலில் இறங்கினால் மணலிலேயே நில்லுங்கள். ஆற்றுநீர் கடலுக்குள் இழுக்கும் அவ்விடத்தில் முழங்கால் நீரும் நம்பத்தக்கதன்று.

மடல் எழுதிய அன்பரின் அன்னையார் சிரித்ததை நாம் மறக்கவில்லை. அச்சிரிப்பினடியில் வேறொன்று இருக்கலாம் என்று தோன்றுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கடற்கரையைத் தாக்கியபோது, மீன்பிடிக்கச் சென்ற பலர் திரும்பவில்லை. பொழியூர், பூந்துறை, விழிஞ்ஞம் என்றும், எல்லைக்கு இப்பால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை என்றும் அத்துயரம் ஊர் ஊராகப் பரவியது. 2024 மார்ச் 31 அன்று காற்றில்லாமலே கடல் பெருகி வந்தது. ‘கள்ளக்கடல்’ என்று அக்கரை மக்கள் வழங்கும் இப்பெருக்கு அன்று திருவனந்தபுரம் மாவட்டக் கரையெங்கும் வீடுகளிற் புகுந்தது. பொழியூர்க் கரையில் ஆண்டுதோறும் கடலரிப்பு. சாலையும் வீடும் அலைவாயிற் போயின. அப்படிப்பட்ட கரையில் வளர்ந்தவர்க்குத் தண்ணீர் வேடிக்கைப் பொருளாகத் தோன்றாதிருப்பதில் வியப்பில்லை. அவரை வற்புறுத்திப் படகிலேற்ற வேண்டுவதில்லை. ஆனால் துறைவரை அழைத்துச் செல்லலாம். பேரப்பிள்ளைகள் பொழியைக் கண்டு திரும்பிய பின், கடற்கரையூர் வழியாக நடந்து, அலை கொண்டுபோன இடங்களை அவரே காட்டி, அங்கே யார் யார் வீடு இருந்தது என்று சொல்லக் கேட்கலாம். படகுக்காரர் அறியாத செய்தி அது. கட்டணமும் இல்லை.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கட்டணம் ஆளுக்கன்று, பெரும்பாலும் படகுக்கே பேசப்படுகிறது. ஆகையால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் மிச்சமாகும். ஆனால் சேர்வது அளவுக்குள் அடங்கவேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தி அழைப்பாரிடம் பேரம் பேசாமல், துறைக்கே சென்று எவ்வளவு நேரம், எங்கெங்கே நிறுத்தம், மணலில் இறங்க இசைவு உண்டா என்று கேட்டபின் விலை பேசுங்கள். நடுவில் மிதக்கும் உணவுச்சாலையில் நிறுத்தினால் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு அமருங்கள். காலை ஏழு மணிக்குள் புறப்படுவது எல்லாவற்றினும் நன்று. பறவைகள் மிகுதி, இயந்திரப் படகுகளின் இரைச்சல் குறைவு, வெயிலும் ஏறியிராது. மாலைச் செவ்வானம் அழகுதான். ஆயினும் கதிரவன் மறையுமுன் கரையேறும்படி நேரம் பேசிக்கொள்ளவேண்டும். ஆனி ஆடியில் மழை வலுத்த நாட்களிலும், அணையைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்த நாட்களிலும் படகை மறந்துவிடுங்கள். புறப்படுமுன் ஊரிலுள்ள உறவினரைக் கூப்பிட்டு, பொழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த பொழியும் அடைந்த பொழியும் இருவேறு காட்சிகள். இரண்டையும் காணவேண்டுமாயின் இரண்டு விடுமுறை வேண்டும்.